இருபத்தைந்தாவது கட்டம்

அந்தப் பெண் இன்னும் பஸ் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். மூன்றாவது மாடியில் ஜன்னலை ஒட்டி மேசை போட்டு உட்கார்ந்திருந்த எட்வின் தங்கையாவுக்கு, கடற்படையில் முப்பத்துநாலு வருஷம் இருந்து கமடோராக ஓய்வு பெற்றவருக்கு, தலையை நிமிர்த்தினால் அவள்தான் தெரிந்தாள். நீலக் குடை, அதன் கீழே பாதி உடம்பு, தோளில் ஒரு ரெக்சின் பை. மணி பத்தே கால்தான் ஆகியிருந்தது, அதற்குள் பாளையங்கோட்டை வெயில் ரோட்டை வெளுத்துவிட்டது. திருச்செந்தூர் பஸ் வரட்டும், ஏறிப் போகட்டும், போய்த் தொலையட்டும், அப்புறம் நிம்மதியாக யோசிக்கலாம் என்று நினைத்தார். யோசிக்க என்ன இருக்கிறது. மேசைமேல் அச்சுப்படி கிடந்தது. கடற்படை அகாடமியின் பொன்விழா மலர், நடுப்பக்கம், ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம். ஐம்பது வருஷத்தில் அந்த அகாடமியில் பயிற்சி முடித்து வெளியே வந்த ஐயாயிரம் சொச்சம் அதிகாரிகளில் பெருமைக்குரியவர்கள் இருபத்தைந்து பேர். தேர்வுக் குழுவுக்கு மூன்று பேர், தலைவர் அவர், மற்ற இருவர் பணிக்கரும் வைஜெயந்தியும். இருபத்துநாலு கட்டத்தில் முகம் வந்துவிட்டது. கடைசிக் கட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில் காலியாக இருந்தது. ஒரு மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். முதல் கட்டத்தில் வைஸ் அட்மிரல் சப்னிஸ் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். கரை கண்ணைவிட்டு மறையுமுன்னே வாந்திக்குப் பக்கெட்டைத் தேடுகிறவன், வாழ்நாள் முழுக்க டெல்லியில் நாற்காலியைத் தேய்த்தே அட்மிரல் ஆனவன், இவன் பெருமைக்குரியவன். பக்கத்தில் ஒருவன் இமயமலை ஏறி மூன்று கால்விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். கடற்படைக்காரனுக்கு மலையில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒருவன் இந்திப் படத்தில் வில்லனாக நடித்து அடிவாங்கிச் செத்துச் செத்துப் பேர் எடுத்தவன். இவர்களையெல்லாம் தங்கையாதான் கையெழுத்துப் போட்டு உள்ளே விட்டார். விதிமுறையை எழுதியதும் அவர்தான். முதல் விதி: ரியர் அட்மிரலும் அதற்கு மேற்பட்டவர்களும். அதை எழுதும்போது பேனாவைக் கொஞ்ச நேரம் காகிதத்தின்மேல் பிடித்துக்கொண்டே இருந்தார். ரியர் அட்மிரலுக்கு ஒரு படி கீழே கமடோர். குழுவில் யாராவது ஒருத்தர், ஏன் சார், கமடோரையும் சேர்த்துக்கலாமே என்று சொல்லுவார்கள் என்று காத்திருந்தார். பணிக்கர் டீ எப்போது வரும் என்று கேட்டார். வைஜெயந்தி அடுத்த விதிக்குப் போகலாமா என்றாள். அந்த ஒரு படி. ஒரு படியில் தடுக்கிவிட்டவன் என்று செத்த பிறகும் சொல்ல ஆள் இருக்காது, ஏனென்றால் யாருக்கும் ஞாபகமே இருக்காது.

குடையோடு நின்ற அந்தப் பெண்ணின் பெயர் ஜெனோவா. காலை ஒன்பது மணிக்கு வந்து மணியடித்து, செருப்பை வாசலிலேயே கழற்றி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கலாம், ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றாள், கையில் மருந்து வாடை இருந்தது. "நான் மரியதாஸ் மகள் அங்கிள். புன்னைத்துறை மரியதாஸ். உங்க கூடப் படிச்சாவல்லா, முதல் பாட்ச்." அங்கிள் என்றதுமே அவருக்குள் ஏதோ மூடிக்கொண்டது. கமிட்டிக்கு ஏற்கெனவே மெயில் அனுப்பியிருந்தாள், வைஜெயந்தி அதைப் படித்துவிட்டு உருகி உருகிப் பேசியிருந்தாள், இப்போது நேரிலேயே வந்துவிட்டாள். அப்பாவுக்கு மூன்று மாதம் முன்னால் பக்கவாதம், ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறல், டாக்டர் நாள் குறிக்கவில்லையே தவிர மற்றதெல்லாம் சொல்லிவிட்டார் என்று அவள் சொன்னபோது குரல் மாறவே இல்லை, தினமும் வேறு யார் யாருக்கோ சொல்லிப் பழகிய குரல். பையிலிருந்து ஃபைலை எடுத்தாள். ஒரு பழைய பத்திரிகைத் துண்டு, பழுப்பேறி மடிப்பில் கிழிந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டு. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் புயலில் கரை திரும்பாத படகுகளைத் தேடி அவள் அப்பா போனது, வேண்டாம் என்று ஊரே கத்தியும் போனது, ஒரு தடவை இல்லை நாலு தடவை போய் நாற்பத்தொரு பேரைக் கொண்டுவந்தது, எல்லாம் அதில் இருந்தது. நாற்பத்தொரு பேரின் பெயரும் அவரவர் தகப்பன் பெயரும் அவளே வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது. கடலுக்குள் அந்த இருட்டில் படகைத் திசை தப்பாமல் ஓட்ட அகாடமியில் படித்த படிப்புத்தான் உதவியது என்று அப்பா சொல்லுவாராம். "அவிய எதையும் கேக்கமாட்டாவ அங்கிள். நான் வந்ததே அவியளுக்குத் தெரியாது, தெரிஞ்சா ஏசுவாவ. ஆனா அந்த அகாடமி போட்டோ மட்டும் கட்டிலுக்கு நேரே மாட்டியிருக்கு. அதுல பேரு வந்துச்சுன்னா…" அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். தங்கையா இப்போதும் அதையே நினைத்தார். அதோடு அவள் நிறுத்தியிருந்தால் ஒருவேளை. அவருடைய மனைவி ரஞ்சிதம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, பாவம் பிள்ளை என்று பக்கத்திலேயே நின்றாள். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஜெனோவா சொன்னாள்: "அங்கிளைப் பத்தி அப்பா எப்பவும் சொல்லுவாவ ஆன்ட்டி. தங்கையா ரொம்ப நல்ல பையன், தண்ணிக்கு மட்டுந்தான் பயம், நான்தான் நாலு மாசம் கையில தாங்கி நீச்சல் படிச்சுக் குடுத்தேன்னு." ரஞ்சிதம் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். "இவுகளுக்கா? மூணு வயசிலயே கிணத்துல குதிச்சேன்னு பேரனுக்குக் கதை சொல்லுவாகளே!" சிரித்தாள். நாற்பத்துமூன்று வருஷத்தில் அப்படி அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள், அந்தப் பெண்ணும் கூடச் சிரித்தாள், கெட்ட எண்ணமே இல்லாமல், அதுதான் தாங்க முடியவில்லை. அவர் பத்திரிகைத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இதில மரியதாஸ் இல்லையே, மரியதாசன்னு போட்டிருக்கேம்மா." "அச்சுப் பிழை அங்கிள்." "இருக்கலாம். ஆனா கமிட்டி ஆவணத்தைத்தான் பாக்கும். கலெக்டர் சர்ட்டிபிகேட், கடலோரக் காவல்படைக் கடிதம், ஏதாவது?" "அப்போ யாரு அங்கிள் குடுத்தா. இந்த நோட்டு இருக்கே, இதுல ரெண்டு பேரு தவிர எல்லாரும் உசுரோட இருக்காவ, கேட்டுப் பாக்கலாமே." "நோட்டை யார் வேணும்னாலும் எழுதலாம்மா" என்றார் தங்கையா. அவள் நோட்டை மூடினாள். ரஞ்சிதத்தின் சிரிப்பும் அங்கேயே நின்றது. பார்க்கிறேன், ஃபைலை வைத்துவிட்டுப் போங்கள், ஒரு மணிக்குள் தெரிந்துவிடும் என்றார். அவள் டீயைக் குடிக்கவில்லை.

பஸ் ஒன்று வந்தது, அது தூத்துக்குடி போவது, குடை இரண்டடி முன்னால் வந்து மறுபடி பின்னால் போனது. கூப்பிடலாம். ஜன்னலைத் திறந்து கையைத் தட்டினால் கேட்கும் தூரம். ஏன் கூப்பிட வேண்டும். கையில் தாங்கி என்று சொன்னாளே, அந்தச் சொல்லை எங்கே பிடித்தாள், மரியதாஸ் அப்படித்தான் சொல்லியிருப்பான், ஏனென்றால் அப்படித்தான் இருந்தது. விடிந்தும் விடியாத ஐந்து மணி, அகாடமியின் நீச்சல்குளம், குளோரின் வாடை, பல்லைக் கிட்டவைக்கும் குளிர். தங்கையா அப்போது சாத்தான்குளம் தேரிக்காட்டில் செம்மண்ணையும் பனையையும் தவிர வேறெதையும் பார்க்காத வாத்தியார் மகன், கணக்கில் முதல், இங்கிலீஷில் முதல், நேர்முகத் தேர்வில் முதல். முதல் நீச்சல் தேர்வில் பலகையிலிருந்து குதித்துக் கல்லாகத் தாழ்ந்தவனை மூங்கில் கழியால் நெம்பித் தூக்கினார்கள். இன்னொரு தடவை தோற்றால் வீட்டுக்கு. அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார், கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டிருந்தார். அன்று சாயங்காலம் குளியலறையில் அழுதுகொண்டிருந்தவனிடம் மரியதாஸ் வந்து நின்றான். யாரிடமும் சொல்லமாட்டேன், காலையில் வா என்றான், அவ்வளவுதான். அகலமான கை, வலையும் கயிறும் இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை, தொப்புளுக்குக் கீழே அடிவயிற்றில் வந்து பதியும். "லேய் தங்கையா, மூச்சப் புடிச்சி வைக்காதல, விடு. தண்ணி உன்ன ஒண்ணும் செய்யாது, நான் இருக்கம்லா." நாலு மாதம் அந்தக் கைமேல் கிடந்தான். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. தேர்வில் ஜெயித்த அன்று மரியதாஸ் குளத்தின் ஓரத்தில் நின்று துள்ளினான், அவனே ஜெயித்த மாதிரி, மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. ஒரு வாரம் கழித்துச் சாப்பாட்டுக் கூடத்தில், யாரோ மரியதாஸின் இங்கிலீஷைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, தங்கையாதான் அந்தப் பெயரைச் சொன்னான். கருவாடு. மேசையே அதிர்ந்தது. வடக்கத்திப் பையன்களுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்து, உச்சரிக்கவும் சொல்லிக்கொடுத்தான். அதற்குப் பிறகு அகாடமியில் மரியதாஸுக்கு வேறு பெயரே இல்லை, கடைசி அணிவகுப்பு அன்றுகூட ஒருவன் பின்னாலிருந்து கருவாடு என்று கத்தினான். யார் வைத்த பெயர் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் மறுநாள் காலை ஐந்து மணிக்கு வந்து, இன்னும் கொஞ்சம் கால் வீச்சு சரிசெய்ய வேண்டும், வா என்று எழுப்பினான். ஒரு மனுஷன் கோபப்பட வேண்டாமா. கோபப்பட்டிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். தங்கையா போகவில்லை, போர்வையை இழுத்துக்கொண்டான். ஏழு வருஷம் கழித்து மரியதாஸ் லெப்டினன்டாக இருக்கும்போதே ராஜினாமா செய்தான். அவன் தகப்பனின் படகு திரும்பி வரவில்லை, அம்மாவும் நாலு தங்கச்சிகளும், வேறு வழியில்லை என்று கடிதம் எழுதியிருந்தான், நீ பெரிய ஆளா வருவலே தங்கையா, எனக்குத் தெரியும் என்று கடைசி வரி. அதைப் படித்தபோது நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது, பயங்கரமான நிம்மதி. கடற்படையில் தன்னைத் தாங்கிய கை இனிக் கிடையாது. பதில் போடவில்லை. பெரிய ஆள். ஒரு படி குறைந்த பெரிய ஆள். இப்போதும் ஷவருக்குக் கீழே நிற்க முடியாது, தலையில் தண்ணீர் தொடர்ந்து விழுந்தால் மூச்சு முட்டும், பக்கெட்டில் மொண்டுதான் குளியல், ரஞ்சிதம் அதைச் சிக்கனம் என்று நினைத்திருந்தாள். இனி நினைக்கமாட்டாள். இன்று ராத்திரியே மகனுக்குப் போன் போட்டுச் சொல்லுவாள், பேரன் கேட்பான், தாத்தா நிஜமா தாத்தா என்று. நாற்பத்தொரு பேர். அந்தப் புயலில், அந்தக் கறுப்புத் தண்ணீரில் நாலு தடவை. தன்னால் படகில் காலையே வைத்திருக்க முடியாது, அது தெரியும், அதை அவளிடம் சொல்ல வேண்டியதில்லை. திருச்செந்தூர் பஸ் வந்தது. நீலக் குடை மடங்கியது, பஸ் நகர்ந்ததும் நிறுத்தம் காலியாக இருந்தது. முடிந்தது என்று நினைத்தார், ஆனால் கடைசிக் கட்டம் அப்படியே இருந்தது.

பன்னிரண்டரைக்கு வைஜெயந்தி சென்னையிலிருந்து கூப்பிட்டாள். கமாண்டராக ஓய்வு பெற்றவள், அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள், எதையும் சுற்றி வளைக்காதவள். "சார், அச்சகத்துல ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. அந்த மரியதாஸ் விஷயம் என்ன ஆச்சு? எனக்கும் பணிக்கர் சாருக்கும் முழுச் சம்மதம். நாலாவது விதியில அழகா உட்காருவார், குடிமை வாழ்வில் தனிச்சிறப்பு." "ஆவணம் இல்லையேம்மா." "ஆவணத்தை விடுங்க சார். நீங்க அவரோட பாட்ச். எனக்குத் தெரியும், அவர் அப்படிப்பட்டவர்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் போட்டுடறேன்." தொண்டையில் அந்த வார்த்தை நின்றது, உண்மையாகவே நின்றது, ஒரு கணம் அது வந்துவிடும் என்றுகூடத் தோன்றியது. வந்திருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும். அடுத்த அறையில் ரஞ்சிதம் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள், நடுவில் ஒரு சிரிப்பு, எதற்கோ, காய்கறிக்காரியுடனாகக்கூட இருக்கலாம். "எனக்கு அவனைச் சரியா ஞாபகம் இல்லை" என்றார் தங்கையா. "முதல் பாட்ச் மொத்தமே நாற்பத்துநாலு பேர்தானே சார்?" "ஆமா. ஐம்பது வருஷம் ஆச்சேம்மா." "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பிரிவுன்னு ரிஜிஸ்டர்ல இருக்கு." "இருந்திருக்கலாம். சீக்கிரமே விட்டுட்டுப் போனவன்னு நினைக்கிறேன். பாதியில போனவங்களையெல்லாம் சேர்த்தா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு நோட்டைத் தூக்கிட்டு வருவாங்க." சொல்லச் சொல்லக் குரல் திடமாகிக்கொண்டே வந்தது, முப்பத்துநாலு வருஷம் கோப்புகளில் குறிப்பு எழுதிய குரல். வைஜெயந்தி பெருமூச்சு விட்டது கேட்டது. "சரி சார், நீங்க தலைவர். ஆனா ஒரு கட்டம் காலியா விட்டா பக்கமே பல்லு விழுந்த மாதிரி இருக்கும்னு அச்சகத்துல சொல்றாங்க." தங்கையாவின் விரல்நகம் காகிதத்தின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. "வேணும்னா உங்க பேரையே போட்டுடலாமா சார்? அகாடமிக்குச் சிறப்பான சேவைன்னும் நாலாவது விதியில இருக்கே. உங்க போட்டோவும் எங்கிட்ட இருக்கு." அந்த அரை வரியை விதியில் சேர்த்தது யார் என்று அவள் கேட்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காக எட்டு மாதம் காத்திருந்தார், மனத்துக்குள் எத்தனையோ விதமாக அதைக் கேட்டிருக்கிறார், நீங்க இல்லாமல் பட்டியலா சார் என்று, எல்லோரும் எழுந்து நின்று. பல்லு விழுந்த இடத்தை அடைக்க. "உங்க இஷ்டம்" என்றார். "ஓகே சார், அனுப்பிடறேன்" என்று அவள் வைத்துவிட்டாள், வாழ்த்துகள் என்றுகூடச் சொல்லவில்லை.

ஃபைலின் மேல் அந்தப் பெண்ணின் செல் நம்பர் எழுதியிருந்தது. தகவல் சொல்வது மரியாதை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அது மரியாதை இல்லை என்று விரலுக்குத் தெரிந்தது, நம்பரை அத்தனை ஆசையாக அழுத்தியது. அவள் குரல் எப்படி உடைகிறது என்று கேட்க வேண்டும். சிரித்தாளே. மணி ஒன்றாக இன்னும் ஐந்து நிமிஷம். நாலாவது மணியில் எடுத்தாள், பின்னால் மின்விசிறியும் தூரத்தில் அலைச் சத்தமும். "வீட்டுக்கு வந்துட்டேன் அங்கிள், அப்பாவுக்குக் கஞ்சி குடுத்துட்டு இருக்கேன். சொல்லுங்க." "கமிட்டி பரிசீலிச்சுதும்மா. விதிப்படி வரலை." அவர் காத்திருந்தார். கரண்டி ஒரு கிண்ணத்தில் வைக்கப்படும் சத்தம். "சரி அங்கிள்" என்றாள். அவ்வளவுதான். உடையவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, வேறு அறைக்கு நடந்துபோனபடி கேட்டாள்: "ஒண்ணு கேக்கட்டுமா? வந்துருக்குன்னு அவியகிட்ட நான் பொய்யாச் சொல்லிக்கிடட்டுமா? புஸ்தகம் வர்ற வரைக்கும் அவிய இருக்கமாட்டாவ. வேற யாருகிட்டயும் சொல்லமாட்டேன். உங்க அகாடமி பேர்ல சொல்லுறதுனால உங்ககிட்ட கேக்கேன்." அப்படியே சரி என்று சொல்வதற்கு ஒரு காசு செலவில்லை. அவருக்கு அது தெரிந்தது. பழுப்பு நிற நோட்டு மேசையில் கிடந்தது, மேலிருந்து நாலாவது பெயர் சூசை மகன் அந்தோணிப்பிச்சை, கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. "அது சரிவராதும்மா" என்றார். "அகாடமியின் கௌரவம் சம்பந்தப்பட்ட விஷயம். இல்லாததை இருக்குன்னு சொல்லக்கூடாது." இப்போது அழுவாள் என்று நினைத்தார். அவள் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள், மறுபடி நடந்தாள், அலைச் சத்தம் போய் மின்விசிறிச் சத்தம் வந்தது. "அப்போ உங்க பேரு இருக்கா அங்கிள்?" "எதுக்குக் கேக்கிறே?" "இல்ல, உங்க பேரு வந்துருக்குன்னாவது சொல்லுவேன். அது பொய் இல்லல்லா. உங்களைன்னா அவியளுக்கு உசுரு." இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருக்கிறதா என்று உலகத்தில் ஒருத்தி கேட்டுவிட்டாள், இதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான், வாய் முந்திக்கொண்டது. "இருக்கு" என்றார். "அப்பா" என்று அவள் கத்தினாள், காது கேளாதவரிடம் பேசுவதுபோல், "தங்கையா அங்கிள் பேரு அகாடமி புஸ்தகத்துல வந்துருக்காம். பெரிய ஆளுங்க வரிசையில. தங்கையா!" ஏதோ உருண்டு விழுந்தது. பிறகு ஒரு சத்தம், பாதி வாயிலிருந்து வரும் கரகரப்பு, இருமலா அழுகையா என்று தெரியாதது, அது நீண்டுகொண்டே போனது. "சிரிக்காவ அங்கிள்!" அவள் அழுதுகொண்டிருந்தாள், இப்போதுதான், சந்தோஷத்தில். "கையத் தட்டுதாவ பாருங்க, ஒத்தக் கையால கட்டில்ல தட்டுதாவ. விழுந்ததுல இருந்து இன்னைக்குத்தான் சிரிக்காவ. ரொம்ப நன்றி அங்கிள், ரொம்ப நன்றி."

போனை வைத்த பிறகும் காதுக்குள் அது நிற்கவில்லை. துள்ளுகிறான். படுத்த படுக்கையில், ஒரு கையோடு, அவனே ஜெயித்த மாதிரி. எட்டு மாதம் ஏங்கி, வாய் கூசாமல் பொய் சொல்லி வாங்கிய இடம், அதில் ஒரு பொழுதாவது தான் சந்தோஷப்பட வேண்டாமா, அதற்குள் அவன் எடுத்துக்கொண்டுவிட்டான். கொடுக்கிறவனாகவே இருந்து தொலைக்கிறான், வாங்கிக்கொள்ளக்கூடத் தெரியாதவன். கூடாது. அவன் சந்தோஷப்படக் கூடாது. தங்கையா மறுபடி போனை எடுத்தார், வைஜெயந்தி உடனே எடுத்தாள். "என் பேரை எடுத்துடுங்க" என்றார். "சார்?" "எடுத்துடுங்கன்னு சொல்றேன். கட்டம் காலியாவே இருக்கட்டும். பல்லு விழுந்த மாதிரி இருந்தா இருக்கட்டும்." தன் பெயர் இல்லையென்று ஆகிவிட்டால் அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடலாம், தப்பாச் சொல்லிட்டேம்மா, என் பேரும் இல்லை, அப்பாகிட்டச் சொல்லிடு என்று சொல்லலாம், மூன்று நிமிஷ வேலை. "போயிடுச்சு சார்" என்றாள் வைஜெயந்தி. "பிளேட் போட்டுட்டாங்க, இனி மாத்த முடியாது." முதல் தடவை பேசியபோது இல்லாத ஒரு மென்மை அவள் குரலில் வந்தது. "நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் சார், மன்னிச்சுடுங்க. அந்த மீனவர் விஷயத்துல நீங்க பேசினதைக் கேட்டு, உங்க பேருக்காகத்தான் இப்படிப் பண்றீங்கன்னு நானும் பணிக்கர் சாரும் இப்பதான் பேசிக்கிட்டிருந்தோம். இவ்வளவு அடக்கமான மனுஷர்னு தெரியாமப் போச்சு. உங்க படத்துக்குக் கீழே போட நாற்பது வார்த்தை கேட்டாங்க, இதையே எழுதிடறேன் சார்."